பத்தாயிரம் ஏக்கர், ஒரு லாட்ஜ், முப்பது கலைமான்கள்

ஸ்காட்லாந்தின் ஹைலாண்ட் பகுதியில் ஒரு ‘ஸ்போர்ட்டிங் எஸ்டேட்’ (வேட்டைக்கும் மீன்பிடிப்புக்கும் என்றே வைத்திருக்கும் பெரிய நிலம்) விலைக்கு வந்திருக்கும் விளம்பரத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறீர்கள். பத்தாயிரம் ஏக்கர், பழைய லாட்ஜ், சால்மன் மீன்பிடிப்பு, மான் ஸ்டாக்கிங், எல்லாம் சேர்த்து 50 லட்சம் பவுண்டுக்கு மேல். ஏக்கருக்கு 500 பவுண்டுதானே ஆகிறது, நம் ஊரில் தரிசு நிலம்கூட இந்த விலைக்கு வராதே, இதில் என்ன சூட்சுமம், வருமானம் வருமா என்பது உங்கள் கேள்வி.

இன்வர்னஸில் இருந்துகொண்டு இந்த மாதிரி எஸ்டேட்டுகளின் வரவு செலவைப் பல வருடம் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். முதலில் அந்த விளம்பரத்தில் உள்ள வார்த்தைகளைக் கொஞ்சம் சரி செய்துகொள்வோம், ஏனென்றால் ஒவ்வொன்றும் தமிழ்க் காதில் வேறு மாதிரி விழும். எஸ்டேட் என்றால் நமக்குத் தேயிலை. இங்கே அந்தப் பத்தாயிரம் ஏக்கரில் பெரும்பாலும் எதுவுமே விளையாது. லாட்ஜ் என்றால் நமக்குப் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருப்பது. இங்கே அது வேட்டைக்கு வரும் விருந்தினர்கள் தங்கும் பத்துப் பதினைந்து படுக்கையறை கொண்ட கல் மாளிகை. ‘டீர் ஃபாரஸ்ட்’ என்று எழுதியிருந்தால் அங்கே காடு இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். வேட்டைக்கென்று ஒதுக்கிய நிலம் என்பதுதான் அந்தச் சொல்லின் பழைய பொருள். பல ‘ஃபாரஸ்ட்’களில் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஒரு மரம் கிடையாது. ஹெதர் புதர், பாறை, காலை வைத்தால் முழங்கால் வரை இறங்கும் பீட் சதுப்பு, அவ்வளவுதான். ஸ்டாக்கிங் என்றால் மானைப் பதுங்கிப் பின்தொடர்ந்து போய்ச் சுடுவது. கூட வந்து வழிகாட்டும் ஊழியருக்கு ஸ்டாக்கர் என்று பெயர். அவருக்கு உதவியாக வருபவரும், ஆற்றில் மீன்பிடிக்கக் கூட நிற்பவரும் கில்லி. கேலிக் மொழியில் ‘பையன்’ என்று அர்த்தம். அறுபது வயதுக்காரரும் கில்லிதான்.

இப்போது விலைக்கு வருவோம். ஏக்கர் கணக்கில் வகுத்துப் பார்த்தீர்களே, அங்கேதான் பிசகு. நீண்ட காலமாக இந்த எஸ்டேட்டுகளுக்கு விலை வைத்தது ஏக்கரால் இல்லை, உயிர்களின் எண்ணிக்கையால். கடந்த ஐந்து அல்லது பத்து வருடங்களில் வருடத்துக்குச் சராசரியாக எத்தனை கலைமான் (கொம்புள்ள ஆண்மான்) சுட்டார்கள், எத்தனை சால்மன் பிடித்தார்கள், எத்தனை ஜோடி க்ரவுஸ் பறவை விழுந்தது என்று எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை வைத்துப் பெருக்குவார்கள். அதோடு லாட்ஜ், ஊழியர் குடியிருப்புகள் ஆகியவற்றின் மதிப்பைச் சேர்ப்பார்கள். முப்பது கலைமான் தரும் மலை, பதினைந்து தரும் மலையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பரப்பு ஒன்றாகவே இருந்தாலும் சரி.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த மான்கள் விற்பவருக்குச் சொந்தமே இல்லை. ஸ்காட்லாந்துச் சட்டப்படி காட்டு மான் யாருடைய உடைமையும் அல்ல. உங்கள் நிலத்தில் நிற்கும்போது அதைச் சுடும் உரிமை உங்களுக்கு உண்டு, சுட்ட பிறகு உடல் உங்களுடையது. காலையில் மலையைத் தாண்டி அடுத்த எஸ்டேட்டுக்குப் போய்விட்டால் அந்த எஸ்டேட்காரருடைய அதிர்ஷ்டம். ஆக, நீங்கள் காசு கொடுப்பது நடமாடும் ஒன்றுக்கு, அது உங்கள் பக்கம் வந்து நிற்கும் என்ற பழக்கத்தை நம்பி.

சால்மன் இதைவிடச் சிக்கல். ஸ்காட்லாந்தில் சால்மன் பிடிக்கும் உரிமை நிலத்தோடு ஒட்டியது அல்ல, தனிச் சொத்து. ஆதியில் அரசுக்கு இருந்தது, பிறகு பட்டயம் மூலம் கை மாறியது. அதனால் ஆறு உங்கள் நிலத்தின் நடுவே ஓடினாலும் அதில் சால்மன் பிடிக்கும் உரிமை எப்போதோ வேறு யாருக்கோ விற்கப்பட்டிருக்கலாம். அவர் உங்கள் கரையில் வந்து நின்று மீன் பிடிப்பார், நீங்கள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு கரை மட்டும் உங்களுடையது, எதிர்க்கரை இன்னொருவருடையது என்பதும் சாதாரணம். விளம்பரத்தில் ‘இரண்டு மைல் சால்மன் மீன்பிடிப்பு’ என்று இருந்தால் அது ஒரு கரையா இரு கரையா என்பதுதான் நான் கேட்கும் முதல் கேள்வி. ஞாயிற்றுக்கிழமை தூண்டில் போட்டு சால்மன் பிடிக்கக் கூடாது, அது சட்டம். 2016 முதல் ஆறுகளை மீன்வளத்தைப் பொறுத்து மூன்று தரமாகப் பிரிக்கிறார்கள். மூன்றாம் தரம் என்றால் பிடித்த ஒவ்வொரு மீனையும் உயிரோடு திரும்ப விட்டே ஆக வேண்டும்.

மீன் எண்ணிக்கை விழுந்துகொண்டே வருகிறது என்பதையும் மறைக்க முடியாது. 2023-ல் ஸ்காட்லாந்து முழுவதும் தூண்டிலில் சிக்கிய சால்மன் ஏறக்குறைய 32,000தான். 1952-ல் கணக்கெடுக்கத் தொடங்கியதிலிருந்து அதற்கு முன் அவ்வளவு குறைந்ததே இல்லை. கடலின் வெப்பம், ஆற்றின் வெப்பம், மேற்குக் கரையில் சால்மன் பண்ணைகளிலிருந்து பரவும் கடல் பேன் (மீன் உடலில் ஒட்டும் ஒட்டுண்ணி), அணைகள் என்று காரணங்களை அடுக்குவார்கள். எது எவ்வளவு என்பதில் சண்டை ஓயவில்லை. வாங்குபவருக்கு முக்கியம் இதுதான்: பத்து வருடச் சராசரியைக் காட்டி விலை சொன்னால், அந்தச் சராசரியின் முதல் ஐந்து வருடம் இனி திரும்பி வராமல் போகலாம்.

க்ரவுஸ் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. ஆகஸ்ட் 12-ல் தொடங்கி டிசம்பர் 10-ல் முடியும் பருவம் அது. 2024-ல் வந்த சட்டத்துக்குப் பிறகு உரிமம் இல்லாமல் க்ரவுஸ் சுட முடியாது. மேற்கு ஹைலாண்டில் பெரும்பாலும் அது ஒரு பொருட்டே இல்லை.

மான் விஷயத்தில்தான் கதை தலைகீழாகி இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இந்தப் பள்ளத்தாக்குகளில் தலைமுறை தலைமுறையாக இருந்த குடியானவர்களைக் கிளப்பிவிட்டு ஆடு விட்டார்கள். சதர்லாந்தின் ஸ்ட்ராத்நேவரில் 1814-லும் 1819-லும் நடந்தது இன்னும் ஆறாத ரணம். பிறகு ஆஸ்திரேலியா, நியூசிலாந்து கம்பளி வந்து ஆட்டு வியாபாரம் படுத்தது. அதே சமயத்தில் விக்டோரியா ராணியும் ஆல்பர்ட்டும் 1848-ல் பால்மோரலுக்கு வந்து, 1852-ல் அதை வாங்கி, மலையேறி மான் சுடுவதை மேட்டுக்குடியின் அடையாளம் ஆக்கிவிட்டார்கள். ரயிலும் வந்து சேர்ந்தது. லங்காஷயர் மில் முதலாளியும் லண்டன் வங்கிக்காரரும் தங்களுக்கும் ஒரு லாட்ஜ் வேண்டும் என்றார்கள். ஆடு போய் மான் வந்தது. 1912 வாக்கில் ஏறக்குறைய 35 லட்சம் ஏக்கர் மான் வேட்டைக்கென்றே இருந்தது. இன்று நீங்கள் வாங்கப் போகும் எஸ்டேட்டில் நடந்தால் ஹெதருக்கு நடுவே இடுப்பளவு கல் சுவர்கள் தட்டுப்படும். அவை தொழுவம் அல்ல, வீடுகள்.

காசு எங்கிருந்து வந்தது என்பதும் சுவாரசியம். சீனாவுக்கு அபின் விற்றுப் பணக்காரரான ஜேம்ஸ் மத்தேசன் 1844-ல் லூயிஸ் தீவையே வாங்கினார். அதைவிட நமக்கு நெருக்கமான ஒன்று இருக்கிறது. இன்வர்னஸுக்கு வடக்கே ஆல்னெஸ் ஊருக்கு மேலே ஃபைரிஷ் என்ற குன்று. அதன் உச்சியில் வளைவுகளோடு ஒரு கோட்டை வாசல் தனியாக நிற்கும். அது நாகப்பட்டினக் கோட்டை வாசலின் சாயலில் கட்டியது என்பார்கள். 1778-ல் புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்தும் 1781-ல் நாகப்பட்டினத்தை டச்சுக்காரர்களிடமிருந்தும் பிடித்த ஹெக்டர் மன்ரோ, ஊர் திரும்பித் தன் நோவர் எஸ்டேட்டில் எழுப்பிய ஞாபகச் சின்னம். (சென்னையில் சேணம் இல்லாத குதிரையில் உட்கார்ந்திருக்கும் தாமஸ் மன்ரோ வேறு ஆள்.) பஞ்ச காலத்தில் கூலி கொடுக்கத்தான் கட்டினார், வேலை சீக்கிரம் முடிந்துவிடக் கூடாது என்று இரவில் கற்களைக் கீழே உருட்டிவிடச் சொன்னார் என்று ஊரில் ஒரு கதை உண்டு. மழையில் நனைந்தபடி அந்த வாசலுக்குக் கீழே நின்று நாகப்பட்டினத்தை நினைத்துப் பார்த்திருக்கிறேன். விநோதமான உணர்ச்சி.

சரி, மானுக்கு வருகிறேன். இங்கே ஓநாய் அழிந்து ஏறக்குறைய முந்நூறு வருடம் ஆகிறது. மானைத் தின்ன மனிதனை விட்டால் வேறு ஆள் இல்லை. மான் எண்ணிக்கையே விலை என்ற கணக்கும் சேர்ந்துகொண்டதால், உரிமையாளர்கள் பெண்மான்களைச் சுடாமல் விட்டார்கள், குளிரில் தீனியும் போட்டார்கள். இன்று எல்லா இனங்களும் சேர்த்து ஸ்காட்லாந்தில் பத்து லட்சம் மான் வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். முளைக்கும் கன்றுகளையெல்லாம் அவை மேய்ந்துவிடுகின்றன. மலைகள் மொட்டையாக இருப்பதற்கு அதுவும் ஒரு பெரிய காரணம்.

அதனால் இப்போது அரசு, குறைக்கச் சொல்கிறது. ஆண்மான்களைச் சுட முன்பு ஜூலை 1 முதல் அக்டோபர் 20 வரைதான் அனுமதி. 2023 அக்டோபரிலிருந்து அந்தத் தடைக்காலமே ஆண்மானுக்கு இல்லை. பெண்மானைச் சுட அக்டோபர் 21 முதல் பிப்ரவரி 15 வரைதான் அனுமதி. மான் கட்டுக்கடங்காமல் போனால் நேச்சர்ஸ்காட் என்ற அரசின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு தலையிட முடியும், உரிமையாளர் செய்யாவிட்டால் தானே ஆள் வைத்துச் சுடவும் அதிகாரம் இருக்கிறது. விருந்தினர்கள் காசு கட்டி வருவது இலையுதிர் காலத்தில், கலைமான்கள் இணைக்காக உறுமும் செப்டம்பர், அக்டோபரில். டிசம்பர் பனியில், நாலு மணிக்கே இருட்டிவிடும் நாட்களில் அறுபது எழுபது பெண்மான்களைச் சுட்டு இறக்குவது யார்? உங்கள் ஸ்டாக்கர். சம்பளம் உங்களுடையது.

இன்னொரு பக்கம், மானே வேண்டாம் என்று வாங்குகிறவர்கள் வந்துவிட்டார்கள். டென்மார்க்கின் துணி வியாபாரக் கோடீஸ்வரர் ஆண்டர்ஸ் ஹோல்க் போவல்சன் 2006-ல் க்ளென்ஃபெஷி எஸ்டேட்டை வாங்கினார். இன்று ஸ்காட்லாந்தின் மிகப் பெரிய தனியார் நில உரிமையாளர் அவர்தான். அங்கே மானைக் கடுமையாகக் குறைத்ததில், நட்டு வைக்காமலே பைன் கன்றுகள் எழும்பி வருகின்றன. நான் முதலில் பார்த்தபோது கணுக்கால் உயரம் இருந்தவை இப்போது என் தலைக்கு மேல். அப்புறம் 2020-க்குப் பிறகு கார்பன் கணக்குக்காக (தாங்கள் வெளியிடும் கார்பனை ஈடுகட்ட) மரம் நடவும் பீட் நிலத்தைச் சீர்செய்யவும் நிறுவனங்கள் மலை வாங்க வந்தன. விலை ஏறியது, பிறகு கொஞ்சம் அடங்கியது. நீங்கள் பார்த்த விளம்பரத்திலும் கடைசிப் பத்தியில் ‘இயற்கை மூலதனத்துக்கு வாய்ப்பு’ என்று ஏதாவது எழுதியிருப்பார்கள், போய்ப் பாருங்கள். முதல் பத்தியில் மான் நிறைய இருக்கிறது என்பதும் கடைசிப் பத்தியில் மரம் வளர்க்கலாம் என்பதும் ஒரே மலையில் ஒன்றாக நடக்காது. எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று வாங்குபவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

வருமானம் கேட்டீர்கள். எளிதாக ஒரு கணக்கு போடுவோம். வருடத்துக்கு முப்பது கலைமான், ஒவ்வொன்றுக்கும் விருந்தினர் 800 பவுண்ட் கட்டுகிறார் என்று வையுங்கள். 24,000 பவுண்ட். ஒரே ஒரு ஸ்டாக்கருக்கு, 2025 ஏப்ரலில் வந்த குறைந்தபட்சக் கூலியான மணிக்கு 12.21 பவுண்ட் வீதம், வாரம் நாற்பது மணி நேரத்துக்குக் கொடுத்தாலே வருடத்துக்கு 25,000-க்கு மேல் போய்விடும். நல்ல ஸ்டாக்கர் அந்தச் சம்பளத்துக்கு வரவே மாட்டார். வீடு, வண்டி, நாய்களின் சாப்பாடு எல்லாம் தனி. மான் இறைச்சி எஸ்டேட்டுக்குத்தான் சேரும், வியாபாரி வந்து எடுத்துப் போவார், அதில் ஏதோ கொஞ்சம் வரும். லாட்ஜை வாரக் கணக்கில் வாடகைக்கு விட்டால் அதுதான் உருப்படியான வரவு. ஆனால் லாட்ஜ் என்பது காசு தின்னும் யானை. கூரை ஸ்லேட், ஈரம், எண்ணெயில் ஓடும் பாய்லர், மலை ஊற்றிலிருந்து குழாயில் வரும் குடிநீர், வருடா வருடம் மழை அரித்துப் போகும் பத்து மைல் மண்பாதை. பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்றால் ஜன்னலை மாற்றக்கூட அனுமதி வேண்டும்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. ஓடையில் சின்ன நீர்மின் நிலையம் வைத்திருக்கும் எஸ்டேட் கிடைத்தால் விடாதீர்கள். 2019 மார்ச்சுக்குள் அரசின் மின்கட்டணத் திட்டத்தில் சேர்ந்தவற்றுக்கு, திட்டத்தின் காலம் முடியும் வரை நிலையான தொகை வந்துகொண்டே இருக்கும். மழைதான் முதல் என்பதால் ஹைலாண்டில் அதற்குப் பஞ்சமில்லை. நான் கணக்கு பார்த்த எஸ்டேட் ஒன்றில் மான், மீன், லாட்ஜ் மூன்றும் நஷ்டம். யாரும் திரும்பிப் பார்க்காத, ஆட்டுக் கொட்டகை மாதிரி இருந்த அந்த மின்நிலையம்தான் எல்லோருக்கும் சோறு போட்டது.

வாங்கும் முறை நம் ஊரிலிருந்து வேறு. வெளிநாட்டவர் வாங்கத் தடை இல்லை. விளம்பரத்தில் போடுவது ஆரம்ப விலை. பலர் ஆர்வம் காட்டினால் ஒரு தேதி குறித்து, எல்லோரும் வக்கீல் மூலம் மூடிய ஏலமாகத் தொகையை அனுப்ப வேண்டும். எதிராளி எவ்வளவு போட்டார் என்று தெரியாது. நல்ல எஸ்டேட்டுகள் விளம்பரத்துக்கே வராமல், தெரிந்தவர் மூலம் கை மாறிவிடுவதும் உண்டு. பத்திரச் செலவு மாதிரி அங்கே எல்பிடிடி என்று ஒரு வரி. குடியிருப்பும் நிலமும் கலந்த எஸ்டேட்டுகளுக்குப் பொதுவாகக் குடியிருப்பு அல்லாத சொத்தின் விகிதம் பொருந்தும்: 1,50,000 பவுண்ட் வரை இல்லை, 2,50,000 வரை 1 சதவீதம், அதற்கு மேல் 5 சதவீதம். 50 லட்சத்துக்கு 2,38,500 பவுண்ட் வரி. நீங்கள் இந்தியாவில் இருந்தால் ஒருவர் ஒரு நிதியாண்டில் அனுப்ப முடிந்தது இரண்டரை லட்சம் டாலர். அதனால் பேச்சு அங்கேயே முடிந்துவிடலாம்.

வேலி போட்டுக்கொள்ளலாம், ‘அத்துமீறி நுழையாதீர்’ பலகை வைக்கலாம் என்ற எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். 2003-ன் நிலச் சீர்திருத்தச் சட்டப்படி பொறுப்போடு நடந்துகொள்ளும் யாரும் உங்கள் மலையில் நடக்கலாம், சைக்கிள் ஓட்டலாம், கூடாரம் அடித்துத் தூங்கலாம். வீட்டைச் சுற்றி நியாயமான அளவு இடம் மட்டும் உங்களுடைய தனிமைக்கு. மூவாயிரம் அடிக்கு மேல் சிகரம் ஏதாவது உங்கள் எல்லையில் இருந்தால், எல்லா மன்ரோக்களையும் ஏறி முடிக்கும் வைராக்கியத்தோடு திரிகிறவர்கள் வருடம் முழுக்க வந்துகொண்டே இருப்பார்கள். (அந்த உயரச் சிகரங்களுக்குத்தான் மன்ரோ என்று பெயர். இந்த மன்ரோ மூன்றாவது ஆள், அவற்றைப் பட்டியல் போட்டவர்.) இரண்டு மணி நேரம் வயிற்றால் தவழ்ந்து மானை நெருங்கிய விருந்தினருக்கு முன்னால், சிவப்பு ஜாக்கெட்காரர் ஒருவர் மலைமுகட்டில் தோன்றிக் கையாட்டுவதை எந்தச் சட்டமும் தடுக்காது. ஸ்டாக்கர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

எல்லைக்குள் க்ராஃப்டர்கள், அதாவது சிறு நிலத்தைக் குத்தகைக்கு வைத்திருக்கும் குடியானவர்கள், இருக்கிறார்களா என்றும் பாருங்கள். 1886 சட்டத்திலிருந்து அவர்களுக்குக் குத்தகைப் பாதுகாப்பு உண்டு. 1976 முதல் தங்கள் நிலத்தை வருடக் குத்தகையின் பதினைந்து மடங்கு கொடுத்து வாங்கிக்கொள்ளவும் உரிமை உண்டு. குத்தகையே பெயரளவுக்குத்தான் என்பதால் உங்களுக்குக் கிடைப்பது ஒரு நல்ல சைக்கிள் விலை. ஊர்க்காரர்களே ஒன்று சேர்ந்து எஸ்டேட்டை வாங்குவதும் புதிதல்ல. 1993-ல் அசின்ட் க்ராஃப்டர்கள் வாங்கினார்கள், 1997-ல் எக் (Eigg) தீவுக்காரர்கள் வாங்கினார்கள். 2025-ல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டம் ஆயிரம் ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தை விற்கும்போது ஊருக்கு முன்கூட்டியே தெரிவிக்கச் சொல்கிறது. தேவைப்பட்டால் துண்டுகளாகப் பிரித்து விற்கச் சொல்லவும் அமைச்சர்களுக்கு அதிகாரம் தருகிறது. உங்கள் பத்தாயிரம் ஏக்கர் நாலாயிரம் ஹெக்டேருக்குச் சமம். எனக்கு இந்தச் சட்டத்தில் வருத்தம் இல்லை. ஒரு பள்ளத்தாக்கில் உள்ள வீடு, வேலை, பாதை எல்லாம் வருடத்தில் மூன்று வாரம் வந்து போகும் ஒருவர் கையில் இருப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டேன்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏன் வாங்குகிறார்கள் என்றால், ஒரு நாள் ஸ்டாக்கரோடு மலைக்குப் போய்ப் பாருங்கள். துப்பாக்கியை அவர்தான் உறையில் போட்டுச் சுமப்பார், கடைசி நிமிடத்தில்தான் உங்கள் கைக்கு வரும். எந்த மானைச் சுடலாம் என்று முடிவு செய்வதும் அவர்தான், பெரிய கொம்பைக் காட்டி ஆசைப்பட்டால் தலையை ஆட்டிவிட்டு, வயதாகி நலிந்த ஒன்றைக் காட்டுவார். காற்று திசை மாறினால் நாலு மணி நேரம் நடந்ததும் வீண், திரும்பி வேறு பக்கம் சுற்ற வேண்டும். ஓடைக்குள் படுத்து நகரும்போது சட்டைக்குள் தண்ணீர் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும். நான் ஒரு தடவையும் சுட்டதில்லை, சும்மா கூடப் போனேன். மாலையில் வெள்ளைக் குதிரைமேல் மானைக் கட்டி இறக்கிக்கொண்டு வரும்போது யாரும் பேசவில்லை.

ஆகவே உண்மையாகவே வாங்கும் எண்ணம் இருந்தால், பளபளப்பான விற்பனைக் கையேட்டை ஓரமாக வைத்துவிட்டு லாட்ஜின் கேம் புக்கைக் கேளுங்கள். கிடைத்ததையெல்லாம் அன்றன்றைக்கு எழுதி வைக்கும் பெரிய தோல் அட்டைப் பதிவேடு அது, துப்பாக்கி அறையிலோ ஹாலிலோ இருக்கும். நான் புரட்டிய ஒன்றில் பழைய பக்கங்களில் சால்மன் பத்தி நிரம்பி வழிந்து ஓரத்திலும் எழுதியிருந்தார்கள். போர் வருடங்களில் பக்கங்கள் ஏறக்குறைய காலி. கடைசிப் பக்கங்களில் பெண்மான் பத்தி மட்டும் ஸ்டாக்கரின் ஒரே கையெழுத்தில் நீண்டுகொண்டே போனது. சால்மன் பத்தியில் அந்தப் பருவம் முழுவதுக்கும் நாலு மீன். நான்கின் பக்கத்திலும் ‘திரும்ப விட்டாச்சு’ என்று சின்னதாக ஒரு குறிப்பு.